முதல் பிடி மண்

"1932 செப்டம்பர் 4, ஞாயிறு. அத்தான் பூசைக்கு வரவில்லை. அக்கா சவரக்கத்தியை எடுத்து ஒளித்துவிட்டாள். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை பெய்ததா இல்லையா என்று எழுதவில்லை. மழையைக் குறிக்காமல் நான் ஒரு நாளையும் விடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை இந்த ஒரு விடுபடலே எனக்குச் சொல்லிவிடுகிறது.

அத்தான் என்று நான் எழுதுவது அக்காவின் கணவரை. துறைமுகத்தில் டேலி கிராணியாக இருந்தார். கப்பலிலிருந்து தொங்கான் படகுகளில் இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி, உடைந்தது எது, நனைந்தது எது என்று குறித்துக்கொள்ளும் வேலை. ரப்பர் விலை விழுந்து கப்பல் வரத்து குறைந்தபோது, 1931 கடைசியில், ஆட்குறைப்பில் அவர் வேலை போயிற்று. அந்த வருட நாட்குறிப்பு என்னிடம் இல்லை; நவம்பரா டிசம்பரா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஊதியம் இல்லாத மாதம் எதுவென்று தனக்குத் தெரியாதா என்கிறாள் அவள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு ஆற்றோரம் ஒரு பலகை வீட்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் டவுனில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில மாதங்கள் அத்தான் தினமும் வேலை தேடிப் போனார். பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஈஸ்டருக்குப் பிறகு போவதை நிறுத்திவிட்டார். பேச்சும் குறைந்தது. ஆற்றைப் பார்த்த பின்கட்டுப் படியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அங்கேயே இருப்பார். கூப்பிட்டாலும் உடனே வரமாட்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "மாப்ள, நான் இல்லாட்டி இந்த வீட்டுல ஒரு தட்டு கழுவுற வேலை மிச்சம்."

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மறுநாள் துணி காயப்போடும் கயிறு காணாமல் போயிருந்தது. அதற்கு மறுநாள் மண்ணெண்ணெய்ப் புட்டி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பிறகுதான் சவரக்கத்தி.

அதிலிருந்து அவரைத் தனியே விடவில்லை. காலையில் நான் இருப்பேன். அக்கா பாசாருக்குச் சாமான் வாங்கப் போனால் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, எதையோ கேட்க வந்தவள் மாதிரி, பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நோயாளியை வேலை வாங்கக் கூடாது என்பது எங்கள் சனங்களின் எண்ணம். ஆகவே அவர் கையிலிருந்து எல்லாம் போயிற்று. தண்ணீர் தூக்குவது எனக்கு. விளக்குத் திரி அக்காவுக்கு. இரவு செபமாலையைத் தொடங்கிவைப்பது அதுவரை அவர்தான். அதையும் அக்கா எடுத்துக்கொண்டாள். "நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம்" என்பது அந்த வீட்டில் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்லப்பட்டது என்று எண்ணியிருந்தால் பயந்திருப்போம்.

இன்னொன்றையும் அவரிடமிருந்து எடுத்தோம். அதை விளக்க வேண்டும்.

எங்கள் கோயிலில், தமிழ்க் கத்தோலிக்கருக்குள், ஒரு வழக்கம் இருந்தது. அடக்கத்தின்போது முதல் பிடி மண்ணை இறந்தவரின் உறவு போட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் போடலாம். ஆனால் ரப்பர்த் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து இறந்துபோகிறவர்களில் பலருக்கு இந்தக் கரையில் யாரும் கிடையாது. அப்போது சாமியாருக்கு உதவியாக இருந்த கோயில் உபதேசியார் குழியோரம் நின்று, "இவருக்கு உறவு யாரு?" என்று கேட்பார். கூட்டத்திலிருந்து ஒருவர், "நான்" என்று சொல்லி முன்னே வந்து மண் போடுவார். அன்றிலிருந்து அவர்தான் அந்த இறந்தவருக்கு உறவு. கல்லறைத் திருநாளில் அந்தக் குழிக்கு மெழுகுவத்தி ஏற்றுவதும் அவர் பொறுப்பு. பல வருடங்களாக அந்த "நான்" என்பதைச் சொல்லி வந்தவர் அத்தான். ஏன் அவர் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய வேலை நேரம் கப்பலைப் பொறுத்தது, பகலில் வர முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

சாவைப் பற்றியே யோசிக்கிற மனுஷனைக் கல்லறைக்கு அனுப்புவதா? அக்கா உபதேசியாரிடம் சொல்லிவிட்டாள். இனி அடக்கச் செய்தி எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. வரவுமில்லை. நாங்கள் இதைச் சரியான காரியம் என்றே நம்பினோம்.

வைத்தியம் பார்க்காமலில்லை. புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு அவர் உயரத்துக்கு மெழுகுவத்தி நேர்ந்தாயிற்று. சந்து முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பாய் ஒரு மலாய் வைத்தியரைச் சொன்னார். "பேய் கீய்னு இல்லண்ணே, காத்து ஏதும் பட்டிருக்கும்லா" என்றார். கடைசியில் எஞ்சியது பெருநிலத்தில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரி. பெரியில் கடலைக் கடந்து, ரயில் ஏறிப் போக வேண்டும். அனுப்புவதற்கு டாக்டர்களின் கையெழுத்து தேவை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் முதலில் டவுனில் இருந்த ஒரு டாக்டரிடம் போனோம். அக்கா வழியெல்லாம் ரிக்‌ஷாவில் அழுதுகொண்டு வந்தாள். அத்தான் அவளுக்கு நிழல் விழும்படி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மதராஸில் படித்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். நகம் கடிக்கிற பழக்கம் உள்ளவர். ஒரு டாக்டரிடம் அதைப் பார்ப்பது எனக்குத் தைரியம் தரவில்லை. மனநோய் பற்றிக் கிடைத்த ஆங்கிலப் புத்தகங்களை நான் நூலகத்தில் படித்திருந்தேன். அவை குழந்தைப் பருவத்தையும் கனவுகளையும் கிளறின. ஆகவே அத்தானின் இளமைக் கதையைத் தேதிவாரியாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

"அதெல்லாம் அப்புறம் தம்பி. அவர் பொறந்த கதையா இப்ப அவசரம்?" என்றார் டாக்டர். பிறகு அத்தானிடம் திரும்பி, "நாளைக்குக் காலைல நீங்க எந்திரிக்கலைன்னா எந்த வேலை நின்னு போகும்?" என்று கேட்டார்.

அத்தான் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஒண்ணும் நிக்காது டாக்டர்."

"வீட்டுல என்ன செய்யிறீங்க?"

அக்கா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமே செய்ய விடுறதில்ல டாக்டர். குளிக்கத் தண்ணிகூட நாங்கதான் எடுத்து வைக்கிறோம்."

"அப்படியா? மூச்சும் அவருக்காக நீங்களே விட்டுடுறீங்களா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும், "கேலி பேசுறதுக்கா காசு வாங்குறான் இந்த ஆளு" என்றாள். ஆனால் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் அவர் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான், வேறு வேறு மாதிரி. ஏன் துக்கமாக இருக்கிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. யாருக்கு நீங்கள் தேவை, எது உங்களுக்காகக் காத்திருக்கிறது, உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாதது எது. அத்தான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். எனக்கு அந்தக் கேள்விகளைக் காதால் கேட்கவே பயமாக இருந்தது. இல்லை, இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மனிதன் எங்கே போய் நிற்பான்?

மூன்றாவது முறை, "கடைசியா உங்களுக்காக யாராச்சும் காத்துக்கிட்டு இருந்தது எப்ப?" என்றார் டாக்டர்.

வெளியே டிராம் போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

"பொணம்," என்றார் அத்தான்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பொணந்தான் டாக்டர். பொட்டியில வெச்சு, குழிப் பக்கத்துல வெச்சிருப்பாங்க. நான் போற வரைக்கும் மூட மாட்டாங்க." பிறகு, கேட்கக் கேட்க, அந்த வழக்கத்தைச் சொன்னார். மாதக்கணக்கில் அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

"இப்ப யாரு போடுறாங்க?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருந்ததால் நான் சொன்னேன்: "உபதேசியாரே கேட்டுட்டு, உபதேசியாரே நான்னு சொல்லிப் போடுறாராம்."

"அதெப்படி?" அத்தானின் குரல் உயர்ந்தது. "கேக்குறவரே எப்படி பதில் சொல்லுவாரு? அப்ப அந்த ஆளுக்கு யாருமே இல்லன்னுதானே ஆகுது!"

டாக்டர் கடித்துக்கொண்டிருந்த நகத்தை விட்டார். அத்தானை முன்னறையில் கம்பவுண்டரிடம் எடை பார்க்க அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த அடக்கத்துக்கு அவரைப் போக விடுங்க."

"கல்லறைக்கா?" அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அங்க போனா அவரு திரும்ப வர மாட்டாரு டாக்டர். உங்களுக்கு என்ன, எங்க வீட்டு ஆளு."

"போகாம வெச்சிருந்தீங்களே, தேறினாரா?"

"உயிரோட இருக்காருல்ல!"

டாக்டர் மேசையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. இது புஸ்தகத்துல போட்டிருக்கிற மருந்து இல்ல. தப்பாப் போனா நான்தான் காரணம்னு நீங்க சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன்" என்றார். "ஆனா இன்னிக்குத்தான் அந்த மனுசனுக்குக் கோபம் வந்துச்சு. செத்துப்போகணும்னு முடிவு பண்ணினவன் அடுத்தவன் குழிக்காகச் சண்டைக்கு வர மாட்டான்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்." அடுத்த மாதம்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னார். இன்னொன்றும்: "போனா தனியாப் போகட்டும். பின்னாடி ஆள் அனுப்பாதீங்க. காவலோட போறவன் எப்படி இன்னொருத்தனுக்கு உறவுன்னு நிப்பான்?"

வீட்டில் அதைப் பற்றி அக்கா பேசவே விடவில்லை. உபதேசியாரிடம் சொல்லலாமா என்று நான் கேட்டபோது, "நீ சொன்னா அன்னிக்கே உன் பொட்டியத் தூக்கி வெளிய வெச்சுடுவேன்" என்றாள். நான் சொல்லவில்லை. டாக்டர்தான் சொல்லியிருக்க வேண்டும். அவரும் உபதேசியாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அக்டோபரில் ஒருநாள் காலை உபதேசியார் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்து ஆள் ஒருவர். வேலை இல்லாமல், ஊருக்கு அனுப்பும் கப்பலுக்காக இந்தக் கரைக்கு வந்து காத்திருந்தவர். ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். யாருமில்லை.

"இங்க எதுக்குச் சொல்றீங்க?" அக்கா வாசலை அடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெல்லிய குரலில் கேட்டாள். "உங்களுக்கு அன்னிக்கே சொன்னேன்ல?"

"கேள்வியும் நானே பதிலும் நானேன்னு எத்தனை நாளைக்கும்மா? சாமிக்கே சிரிப்பு வந்துரும்."

"சிரிக்கட்டும்."

பின்கட்டிலிருந்து அத்தான் வந்து நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பனியனோடு, தாடியோடு.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

உபதேசியார் அக்காவைப் பார்த்தார். "மூணு மணிக்கு" என்றார்.

அத்தான் தலையாட்டினார். பிறகு அக்காவிடம் கேட்டார்: "சவரக்கத்தி எங்க?"

அந்த நேரத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உறவாக நிற்பவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத்தான் போக வேண்டும். கேட்டதில் தவறே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; கொடுக்காதே என்றும் வரவில்லை. அத்தான் கையை நீட்டியபடி பொறுமையாக நின்றார். அவர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிறு, புட்டி, பக்கத்து வீட்டு அம்மாள், எல்லாம்.

அக்கா உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து எடுத்தாள். கத்தியில் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையில் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

சன்னலில் மாட்டியிருந்த கண்ணாடி முன் அவர் நின்றார். உபதேசியாரோடு நாங்கள் மூவரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மாதத்துக்கு மேலான தாடி, கத்தி சரசரவென்று இழுபட்டது. தொண்டைக்குழிப் பக்கம் கத்தி இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா வீரிட்டாள். கண்ணைத் திறந்தால், தாடையோரம் ஒரு சிறு கீறல், சோப்பு நுரையில் சிவப்பு.

"சும்மா கீறிக்கிட்டேன்டி. ஊரைக் கூட்டாத," என்றார் அத்தான்.

உபதேசியார் அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இரண்டரைக்குள் அத்தான் தனியே கிளம்பிப் போனார். நான் வேலைக்குப் போகவில்லை. டாக்டர் சொன்னபடி பின்னாலும் போகவில்லை. அக்கா செபமாலை எடுத்து உட்கார்ந்தாள். 'அருள் நிறைந்த' என்று தொடங்கும் ஒரே மந்திரத்தைப் பாதியில் விட்டு விட்டுத் தொடங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு மழை தூறியது. இதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு உபதேசியார் எங்கள் சந்து வழியாக வந்தார். தனியாக.

"எப்படி இருக்காரு?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். "அவரு இன்னிக்குப் பேசுனதைப் பாக்கணுமே! செத்த ஆளு நெட்டை, குழி குட்டையா வெட்டிட்டானுங்க. காலை மடக்கியா வெச்சுப் பொதைப்பீங்கன்னு ஒரு சண்டை. பொட்டியை அளந்து, திரும்ப வெட்ட வெச்சுட்டுத்தான் விட்டாரு."

"அவரு எங்க?" என்றாள் அக்கா.

உபதேசியார் முகம் மாறியது. "எனக்கு முன்னாடியே கிளம்பிட்டாரே. நாலு மணி இருக்கும். இன்னும் வரலையா?"

கல்லறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நிதானமாக நடந்தாலும் அரைமணி நேரம்தான். அக்கா என்னை அடித்தாள். முதுகில், தோளில், எங்கே படுகிறது என்று பார்க்காமல். "போய்த் தேடு, போ, டாக்டரையும் கூட்டிட்டு வா, அவன் வந்து பாக்கட்டும்" என்று கத்தினாள். நான் முதலில் ஆற்றங்கரைக்கு ஓடினேன். பிறகு கல்லறைக்கு. கதவு பூட்டியிருந்தது. புதுக் குழியின் மேல் ஈரமண் மட்டும் தெரிந்தது. டாக்டர் வீட்டில் இல்லை. எந்தெந்தத் தெரு வழியாகத் திரும்பினேன் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அச்சகத்தில் எப்போதோ நான் புரூப் பார்த்த மரண அறிவித்தல் ஒன்றின் வாசகம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் அவர் பெயரை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்த மாப்ள? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

எதுவும் கேட்காதே என்று அக்கா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். அவள் முகம் வீங்கியிருந்தது. ரசம் ஊற்றச் சொல்லி அவர் தட்டை நகர்த்தினார்.

"அந்த ஆளு தஞ்சாவூர்ப் பக்கம்," என்றார். "ரெண்டு பொண்ணு இருக்காம். எழுதணும்."

அடுத்த மாதம் டாக்டரிடம் போனோம். கையெழுத்து தேவைப்படவில்லை. இதனால் அவர் குணமாகிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அடக்கம் எதுவும் இல்லாத வாரங்களில் மறுபடியும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். அந்த வாரங்களில் நாங்கள் மறுபடியும் பயந்தோம். ஆனால் அக்கா செபமாலையைத் தொடங்குவதை அவரிடமே விட்டாள், தண்ணீர்க் குடத்தையும். எழுதணும் என்று சொன்னபடி அந்தப் பெண்பிள்ளைகளுக்கு எழுதினார். பதில் வந்தது. அதற்கு அவர் பதில் எழுதினார். வியாபாரம் திரும்பியபோது துறைமுகத்தில் மறுபடியும் வேலை கிடைத்தது. யுத்தத்துக்குப் பிறகு, காய்ச்சலில், தன் படுக்கையில் இறந்தார்.

டாக்டர் அதற்கு முன்பே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். வாழ்க்கையிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதை விட்டுவிட்டு, வாழ்க்கை நம்மிடம் எதைக் கேட்கிறது என்று நோயாளியைத் தேடவைக்கும் ஒரு சிகிச்சை ஐரோப்பாவில் இருப்பதாகப் பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அதை அவரிடம் காட்ட வழியில்லாமல் போயிற்று.

அந்த மாலையில், நான்கு மணிக்குக் கல்லறையை விட்டுக் கிளம்பியவர் எங்கே இருந்தார் என்பதை மட்டும் என்னால் நிச்சயிக்க முடியவில்லை. அவரிடம் கேட்க அக்கா கடைசிவரை என்னை விடவில்லை. தேத்தண்ணிக் கடைப் பாய், சரக்கு எடுக்கப் போன இடத்தில், அத்தானைப் பெரி ஜெட்டியில் பார்த்ததாகச் சொன்னார்: கடலுக்கு இறங்கும் படியில், கடைசிப் படியில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாக நின்றாராம். அடக்கத்துக்குப் போனவர் கால் கழுவாமல் வீட்டுக்குள் வருவதில்லை; அதற்காக நின்றிருக்கலாம். ஆனால் கால் கழுவ எங்கள் வாசலில் தண்ணீர் உண்டு, ஜெட்டி வீட்டுக்கு வருகிற வழியிலும் இல்லை. இறந்தவரின் ஊரும் பெண்பிள்ளைகளும் உபதேசியாருக்குத் தெரியாத செய்திகள்; அத்தான் அவற்றை வேறெங்கோ கேட்டறிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஜெட்டியில் கப்பலுக்காகக் காத்திருந்த தோட்டத்து ஆட்களைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். அங்கே அப்படி யாரையும் பார்த்ததாகப் பாய்க்கு நினைவில்லை. வார்டில் அன்று வேலை பார்த்தவர்களை நான் தேடிப் போனபோது யுத்தம் முடிந்திருந்தது, ஒருவரும் இல்லை. பாய் சொன்னது அந்த நாள்தானா, வேறு நாளா என்பதும் உறுதியாகவில்லை.